அம்மாவுக்கு ஒரு சீட்டு

மே மாதம் கல்லூரி இருக்காது என்பதால் ஏப்ரலிலேயே அன்னையர் தினத்தைக் கொண்டாடிவிடுவது எங்கள் கல்லூரியின் வழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதில் ஒரு போட்டி வைத்தார்கள். நூறு ரூபாய்க்குள் அம்மாவுக்குக் கையால் ஒரு பரிசு செய்ய வேண்டும். நான் நடுவர். தமிழ்த்துறையில் ஆசிரியர்களை மாணவர்கள் ‘ஐயா’ என்பார்கள், எங்களை ‘அம்மா’ என்பார்கள். அந்தத் தகுதியில்தான் என்னை அழைத்தார்களோ என்னவோ.

மேசை நிறையப் பொருள்கள். ஐஸ் குச்சியில் போட்டோ சட்டம், பட்டுநூல் சுற்றிய பழைய வளையல், சாயம் பூசிய பாட்டில், சிரட்டை விளக்கு, சுருட்டிய காகிதத்தில் ஜிமிக்கி, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வரைந்த வாழ்த்து அட்டை. ஒரு பெண் அம்மாவின் கிழிந்த சேலையிலேயே அம்மாவுக்குப் பை தைத்திருந்தாள். முப்பத்தொரு பேர் கலந்துகொண்டதில் ஆண்கள் இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவன் கொண்டுவந்த பூச்சட்டியை அவன் அக்கா செய்து கொடுத்திருந்தாள். அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

மேசையின் ஓரத்தில் ஒரு சின்னச் சீட்டுக்கட்டு இருந்தது. பஸ் டிக்கெட் அளவில் நோட்டு அட்டையை வெட்டி நூலால் கோத்திருந்தாள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. பன்னிரண்டு சீட்டுகள். ‘இந்தச் சீட்டைக் கொடுத்தால் ஒரு நாள் பாத்திரம் தேய்த்துத் தரப்படும்.’ ‘இந்தச் சீட்டைக் கொடுத்தால் ஒரு நாள் இரவுச் சமையல்.’ ‘ஒரு நாள் தண்ணீர் பிடித்தல்.’ செலவு பத்து ரூபாய்கூட வராது. முதல் பரிசை அதற்குத்தான் கொடுத்தேன். ஜிகினாவைவிட உழைப்பு மேல் என்று மேடையில் பேசவும் செய்தேன்.

விடுமுறை முடிந்து வந்தவள் சொன்னாள். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். மடியில் சொளவோடு உட்கார்ந்தபடியே சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கக் கேட்டிருக்கிறார். பிறகு சொன்னாராம்: “எல்லாத்துலயும் ஒம் பேருல்லா இருக்கு. ஒந் தம்பி பேர்ல ஒண்ணு, ஒங்கப்பா பேர்ல ஒண்ணு எழுதிக் கொண்டா, பாப்போம்.”

நடுவர் இருக்கையில் இருக்க வேண்டியவர் அவர்தான். பன்னிரண்டு சீட்டிலும் நான் காணாததை அவர் ஒரே பார்வையில் கண்டுவிட்டார். அந்தச் சீட்டுக்கட்டு வேலையை ஒரு பெண்ணின் கையிலிருந்து இன்னொரு பெண்ணின் கைக்கு மாற்றியது, அதுவும் பன்னிரண்டு நாளுக்கு. வருடத்தின் மீதி நாள்களில் பாத்திரம் யாருடையது என்பதை அது எழுதாமலே எழுதிவைத்திருந்தது. ‘உனக்கு ஒரு நாள் உதவுகிறேன்’ என்றால் அது உன் வேலை என்றுதானே பொருள்?

அன்னையர் தினத்தைச் சந்தை கெடுத்துவிட்டது என்று நம் மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம். அதற்கு மாற்றாகத்தான் ‘கையால் செய்து கொடுங்கள், மலிவாகச் செய்யுங்கள், மனசுதான் முக்கியம்’ என்கிறோம். இந்த வாதமும் பழையதுதான். அமெரிக்காவில் 1908இல் இந்த நாளைத் தொடங்கிவைத்த அன்னா ஜார்விஸ், 1914இல் அது அரசு அறிவித்த நாளாகிப் பூக்கடைக்காரர்களும் வாழ்த்து அட்டைக்காரர்களும் புகுந்த பிறகு, மீதி வாழ்நாளை அவர்களோடு சண்டை போட்டே கழித்தார். அச்சடித்த அட்டை வாங்காதே, உன் கையால் கடிதம் எழுது என்பது அவர் கட்சி. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவருடைய தாய் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் செய்தது வேறு. குழந்தைகள் நோயில் செத்துக்கொண்டிருந்த ஊர்களில் தாய்மார்களைச் சேர்த்துச் சங்கங்கள் அமைத்துச் சுகாதார வேலை பார்த்தவர் அவர். அம்மாக்கள் கூடி வேலை செய்த கதை, மகள் காலத்தில் அம்மாவைப் போற்றும் கதையாகிவிட்டது. அட்டை அச்சில் வந்ததா கையில் வந்ததா என்பது அதற்குப் பிந்திய தகராறு.

அம்மாவுக்கான பரிசு மட்டும் ஏன் மலிவாக இருக்க வேண்டும் என்பதையும் கேட்கலாம். மாப்பிள்ளைக்கு ஐஸ் குச்சியில் மோதிரம் செய்து போடுகிற வீட்டை நான் பார்த்ததில்லை. மகனுக்கு பைக் வாங்கும்போது மனசுதான் முக்கியம் என்று யாரும் சொல்வதில்லை. செலவில்லாமல் அன்பு காட்டும் கலை அம்மாவிடம் வரும்போது மட்டும் செழிக்கிறது.

கையால் செய்தது என்று பெருமைப்படுகிறோமே, அந்த அம்மாக்களின் கை என்ன செய்கிறது? பீடி சுற்றுவதும் கைவினைதான், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. வடகம் பிழிவது, பழைய சேலையைத் தொட்டிலாகக் கட்டுவது, கந்தலைத் தைத்து விரிப்பாக்குவது, ஒரே மாவில் மூன்று விதம் செய்வது இவற்றுக்கு எந்தக் கணக்கும் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். அந்த 97 நிமிடங்களில் என் தந்தையாரின் பங்கு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்.

இதுவரை எழுதியது பிறரைப் பற்றி. இனி என்னைப் பற்றி.

நான் அம்மாவுக்குச் செய்த கைவினைப் பரிசுகள் எல்லாம் கவிதைகள். என் முதல் தொகுப்பில் பாதி அம்மாதான். அவள் வயர்க்கூடை பின்னும் விரல், அடுப்பு ஊதிக் கலங்கிய கண், முட்டி வலி, எதையும் விட்டுவைக்கவில்லை. கூட்டங்களில் வாசித்தால் பெண்கள் அழுவார்கள். எனக்குப் பெயர் கிடைத்தது. ஒரு கவிதையில்கூட அவள் பெயர் இல்லை. அகப்பாடல்களில் யாருக்கும் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி, அதை வகுப்பில் நடத்துகிறவள் நான். அங்கே தலைவன், தலைவி, தோழி, செவிலி ஒருவருக்கும் பெயர் கிடையாது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மட்டும் கிடையாது. கரண்ட் பில், வீட்டுவரி ரசீது, வாசல் கல் எல்லாம் அப்பா பெயர்.

அப்பா பள்ளி ஆசிரியர். வீடு அவர் சம்பளத்தில் கட்டியது என்றுதான் சொல்வோம். ஆனால் அவர் சம்பளத்தில் சாப்பாட்டுச் செலவுக்குக் கொடுத்ததை மிச்சம்பிடித்து, கூடை பின்னி விற்ற காசையும் சேர்த்து, அம்மா போட்ட ஏலச்சீட்டில்தான் மேல்தளம் ஒட்டினோம். போன வருடம் அப்பா வீட்டைத் தம்பி பெயருக்கு எழுதிவைக்கப் போவதாகச் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கு வேலை இருக்கிறது, பங்கு வேண்டாம் என்று பெருந்தன்மையாக இருந்துவிட்டேன். அம்மாவின் பங்கு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டில் கணவர் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பாராட்டி வகுப்பில் அரைமணி நேரம் பேசியவளும் நானேதான்.

அந்த அன்னையர் தினத்துக்கு என் புதிய தொகுப்பை அம்மாவிடம் கொடுத்தேன். கையால் தைத்த அட்டை, உள்ளே என் கையெழுத்தில் அவளுக்கான கவிதை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். “நல்லாயிருக்கு” என்றாள். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “என்னப் பத்தி இவ்வளவு எழுதுதியே, பத்திரத்துல எம் பேரையும் எழுதச் சொல்லி ஒங்கப்பாட்ட ஒரு வார்த்த சொன்னியாட்டி?”

நான் சொல்லவில்லை. வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்திருந்தேன். சண்டை வேண்டாம் என்று ஐம்பது வருடமாக அவள் நினைத்துவந்ததைத்தான் நான் ‘பொறுமை’ என்று கவிதையாக்கியிருந்தேன்.

இதைப் படிக்கும் மாணவிகளே, ஐஸ் குச்சியை நான் பிடுங்கவில்லை. செய்ய ஆசையிருந்தால் செய்யுங்கள், அழகாகவே இருக்கும். ஆனால் சீட்டு எழுதுவதாக இருந்தால் தம்பி பெயரில் ஒன்று எழுதி அவனிடமே கையெழுத்து வாங்குங்கள், தேதி போடாமல். அம்மா வங்கிப் புத்தகத்தைத் தானே திறந்து பார்க்கிறாளா என்று கவனியுங்கள். சித்தாளாக, பீடிக்காரியாக, சத்துணவு ஆயாவாக அவள் கொண்டுவரும் பணம் வீட்டில் யார் பெயரில் எதுவாக மாறுகிறது என்று கேளுங்கள். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறதே, அதில் தனக்கென்று கடைசியாக என்ன வாங்கினாள் என்றும் கேளுங்கள். கேட்பதற்குக் காசு ஆகாது. வீட்டில் முகங்கள் மாறும், அதுதான் செலவு.

போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். வீட்டில் பாதி அம்மா பெயரில் இருக்க வேண்டும், மீதியை உங்கள் இஷ்டம்போல் எழுதுங்கள் என்றேன். தம்பி என்னைப் பார்த்தான். அப்பா பதில் சொல்லவில்லை. சோறு மிச்சமிருக்க எழுந்து கை கழுவப் போனவர் திரும்பி வந்து உட்காரவில்லை. அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். “நாளைக்கும் கேளு” என்றாள்.