ஆளில்லாத மலையும் அதிகாரியின் பெயரும்

தென் துருவக் கண்டத்தில் நம் தேசத்தார் நிறுவியுள்ள ‘மைத்ரி’ ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1989-ஆம் ஆண்டு முதல் அது இயங்கி வருகிறது. அதற்குத் தெற்கே 60 மைலுக்குள் ஒரு மலைக்கூட்டம் இருக்கிறது. அதன் பெயரைக் கேட்டிருப்பவர் மிகச் சிலரே. ‘வோல்டாட் மலைகள்’ என்று தேசப்படங்களில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்த வோல்டாட் யார், பூமியின் கோடியில் கிடக்கும் மலைக்கு அவர் பெயர் எப்படி வந்தது என்று விசாரிக்கப் புகுந்தால், மலையின் கதையைவிட மனிதரின் கதையே பெரிதாக விரிகிறது.

முதலில் மலையைப் பார்ப்போம். அண்டார்டிகாவின் உட்பகுதியில் பல்லாயிரம் அடி கனத்துக்குப் பனிக்கட்டி படிந்திருக்கிறது. அசையாமல் கிடப்பதுபோல் தோன்றினாலும், அது மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருப்பது. அதன் வழியில் வோல்டாட் மலைகள் அணைபோலக் குறுக்கே நிற்கின்றன. தெற்கே தேங்கும் பனி, மலை இடுக்குகளின் வழியாக வழிந்து வடக்கே இறங்குகிறது. வெளியே தெரிவது மலையின் தலை மாத்திரமே. உடலெல்லாம் பனிக்குள் புதைந்திருக்கிறது. அப்படியிருந்தும் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 9000 அடி உயரமுள்ள சிகரங்கள் அங்கே உண்டு. கிழக்குப் பகுதியாகிய குரூபர் மலைகளில் அனார்த்தோஸைட் என்ற பாறை மிகுதியாகக் காணப்படுகிறது. பௌர்ணமி நிலவில் நாம் வெண்மையாகக் காணும் மேட்டு நிலங்களும் பெரும்பாலும் இவ்வினப் பாறையே. அம்மலைகளின் மடியில் உண்டர்ஸே என்றோர் ஏரி இருக்கிறது. ஆழம் 550 அடி. அதன்மேல் மூடிய பனிக்கட்டி கோடையிலும் விலகுவதில்லை.

இனிப் பெயரின் கதை. 1938-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி, ‘ஷ்வாபென்லாண்ட்’ என்னும் கப்பல் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து தெற்கே புறப்பட்டது. ஜெர்மனியில் அப்போது ஹிட்லரின் ஆட்சி. வெண்ணெய்க்குப் பதிலாக ஜனங்கள் ரொட்டியில் தடவிக்கொள்ளும் மார்கரின் செய்வதற்குத் திமிங்கில எண்ணெய் வேண்டியிருந்தது. அதை நார்வே தேசத்தாரிடம் வாங்கினால் அந்நியச் செலாவணி கரைகிறது. ஆகவே தென் கடலில் தங்கள் திமிங்கில வேட்டைக்கு ஓர் ஆதாரம் தேடிக்கொள்ள வேண்டும் என்பது கோயரிங்கின் ‘நான்காண்டுத் திட்ட’க் காரியாலயத்தின் யோசனை. காப்டன் ஆல்பிரெட் ரிட்ஷர் தலைமை வகித்தார். கவணிலிருந்து கல்லை எறிவதுபோல், கப்பலின் மேல்தட்டிலிருந்து இரண்டு விமானங்களை விசைப்பொறியால் ஆகாயத்தில் ஏவினார்கள். அவை பனிவெளியின்மீது பறந்து 11,000-க்கு மேற்பட்ட புகைப்படங்களைப் பிடித்தன. உரிமைக்கு அடையாளமாக ஸ்வஸ்திகம் பொறித்த அலுமினிய ஈட்டிகளையும் மேலிருந்து போட்டார்கள். நம் வீட்டு வாசலில் மங்கலமாக விளங்கும் சின்னத்துக்கு எங்கெல்லாம் போக நேர்ந்தது பாருங்கள்! நார்வேயோ சளைக்கவில்லை. ஜெர்மானியரின் கப்பல் வந்து சேருவதற்குச் சில நாட்கள் முன்பே, 1939 ஜனவரி 14-ந் தேதி, அப்பிரதேசம் முழுவதும் தன்னுடையது என்று பிரகடனம் செய்துவிட்டது.

மலைகளை அந்த ஜெர்மானியர் அளந்ததெல்லாம் ஆகாயத்திலிருந்தே. தரையில் நிலையான அளவுக் குறிகள் இல்லாமையால், அவர்கள் வரைந்த படத்தில் பல மலைகள் இடம் தவறி நின்றன. ஆனால் பெயர்களுக்கு மட்டும் குறைவில்லை. ஹெல்முட் வோல்டாட் என்பவர் கோயரிங்கின் காரியாலயத்தில் உயர்தர அதிகாரி. இப்பிரயாணத்தின் வரவு செலவு ஏற்பாடுகளைக் கவனித்தவர். கப்பலில் போனவர் அல்லர். அதே 1939-இல், மார்ச் 23-ந் தேதி, ருமேனியாவுடன் பெட்ரோலியமும் தானியமும் பெறுவதற்கு ஜெர்மனி செய்துகொண்ட வியாபார ஒப்பந்தத்தை முடித்து வைத்தவரும் இவரே. திமிங்கிலத்தின் எண்ணெயோ பூமியின் எண்ணெயோ, எண்ணெயே அவர் கவலை. ஜெர்மன் மொழியில் ‘வோல்டாட்’ என்ற சொல்லுக்கு ‘நற்செயல்’ என்று பொருள். விதியின் வேடிக்கைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அவர் ஒருவர் மட்டுமல்லர். ஜெர்மன் ஆராய்ச்சிக் கழகத்துத் தலைவர் மென்ட்ஸெலுக்கு ஒரு சிகரம். விமான மந்திரி இலாகாவின் அதிகாரி மியூலிக்-ஹோப்மனுக்கு மேற்கே ஒரு மலைத்தொடர். ரிட்ஷருக்கும் ஒரு சிகரம் கிடைத்தது. விமானி ஷிர்மாஹருக்குப் பனியற்ற பாறைநிலம் ஒன்று கிடைத்தது. 15 மைல் நீளமுள்ள அந்நிலத்தில்தான் நமது மைத்ரி நிற்கிறது. புகைப்படங்களைக் கொண்டு படம் வரைந்த ஆட்டோ வான் குரூபருக்கும் ஒரு பங்கு உண்டு. பறந்தவருக்கும் வரைந்தவருக்கும் பெயர் வைத்ததை நான் குறை கூறமாட்டேன். நாற்காலியில் இருந்து கையொப்பம் இட்டவருக்கு வைத்ததுதான் நெருடுகிறது. இத்தனைக்கும் ‘உண்டர்ஸே’ என்றால் ‘கீழ் ஏரி’ என்பதே பொருள். அருகில் ‘ஓபர்ஸே’, அதாவது ‘மேல் ஏரி’யும் உண்டு. கண்டதைக் கண்டபடி சொல்லவும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

இமயத்தின் சிகரத்துக்கு 1865-இல் எவரெஸ்ட் என்று பெயரிட்டபோது, அடிவாரத்தில் ஜனங்கள் இருந்தார்கள். திபெத்தியரின் ‘சோமோலுங்மா’ என்ற பெயரும் இருந்தது. அது ஒரு பெயரின்மேல் இன்னொன்றை ஏற்றிய அநீதி. அண்டார்டிகாவிலோ குடிகளே இல்லை. யாருடைய பெயரையும் பறிக்கவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பெயர்கள் காட்டிக் கொடுக்கின்றன.

1945-இல் ஹிட்லரின் ஆட்சி அழிந்தது. அதிகாரியின் பெயர் மட்டும் அழியவில்லை. உரிமை கொண்டாடும் நார்வேயும் அதைத் தன் மொழியில் ‘வோல்டாட்மாசிவெட்’ என்று வழங்குகிறது. அதை மாற்ற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். எனக்கு அதில் உற்சாகமில்லை. விமானிகளின் படங்களும், அம்மலைகளில் பாறை ஆராய்ந்த நம் தேசத்துப் புவியியல் நிபுணர்களின் அறிக்கைகளும் அப்பெயரையே கொண்டிருக்கின்றன. பனிப்புயலில் தேடப் போகிறவனுக்கு ஒரே மலைக்கு இரண்டு பெயர் இருப்பது அபாயம்.

நாமும் இவ்வழக்கத்துக்கு விலக்கானவர்கள் அல்லர். 1981-82-இல் சென்ற நமது முதல் குழுவினர் தென் கடலின் அடியில் கண்ட ஒரு மலைக்கு, அப்போது பிரதம மந்திரியாக இருந்தவரின் பெயரால் ‘இந்திரா மலை’ என்று பெயரிட்டார்கள். அதற்கு மாறாக, அமெரிக்கர் வெளியிட்ட பட்டியலில் இரண்டு இந்தியப் பெயர்கள் உழைப்பினால் ஏறியிருக்கின்றன. 1960-61-இல் துருவத்தில் தாவர ஆராய்ச்சி செய்த கிரிராஜ் சிங் சிரோஹிக்கு ஒரு முனை. 1971-72-இல் கடல்நாய்களையும் பறவைகளையும் கணக்கெடுத்த குழுவில் இருந்த அகோரி சின்ஹாவுக்கு 990 மீட்டர் உயரமுள்ள ஒரு மலை.

1959-இல் கையெழுத்தான அண்டார்டிகா உடன்படிக்கை, தேசங்களின் நில உரிமை வழக்குகளை அப்படியே நிறுத்தி வைத்தது. பெயர்களுக்கோ தனி நியாயாதிபதி இல்லை. ஒவ்வொரு தேசமும் வைத்த பெயர்களைப் பொதுப் பட்டியல் ஒன்றில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மைத்ரியின் முன்னுள்ள ஏரியை ருஷ்யர்கள் ‘ஸூப்’ என்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் ‘பல்’ என்று பொருள். நம்மவர்கள் ‘பிரியதர்சினி’ என்கிறார்கள். நிலையத்துக்குக் குடிநீர் அதிலிருந்துதான் வருகிறது.