கிளெய்ம் மேசைக்கு அந்தப் பக்கம்



செப்டம்பர் பிறந்தால் எல்.ஐ.சி. கிளைகளில் இன்சூரன்ஸ் வாரம். 245 தனியார் கம்பெனிகளையும் சேமநிதிச் சங்கங்களையும் ஒன்றாக்கி, 1956 செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய நிறுவனம் அது. ஏஜென்ட்டுகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், கேலியும் செய்திருக்கிறோம். (ஏஜென்ட் வருவதைப் பார்த்துவிட்டு, 'அப்பா வெளியூர் போயிருக்கார்' என்று பிள்ளையை விட்டுச் சொல்லாத வீடு உண்டா?) உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. இந்த மாதப் பக்கம் அவர்களுக்கு.

"சனிக்கிழமையும் லீவு, நல்ல சம்பளம், என்ன குறை?" என்பார்கள் வெளியே இருப்பவர்கள். எல்லாச் சனியும் விடுமுறை ஆனதே 2021 மே மாதத்தில்தான். மார்ச் கடைசி வாரம் ஏதாவது ஒரு கிளைக்குள் எட்டிப் பாருங்கள். வருடக் கணக்கு முடிவதற்குள் பாலிசி எண் விழுந்தாக வேண்டும் என்று விண்ணப்பக் கட்டோடு வந்து நிற்பவர்களுக்கு நடுவில், டீ ஆறிப்போய்க் கிடக்கும்.

அங்கே பேச்சில் பாதி எண்கள்தான். '300' என்றால் புதுப் பாலிசி கேட்கும் விண்ணப்பம். '680' என்றால் லேப்ஸான பாலிசியைப் புதுப்பிக்கத் தரும் உடல்நல உறுதிமொழி. '5074' சரண்டருக்கு. '3783' என்பது இறந்தவரின் குடும்பம் பணம் கேட்டு நிரப்பும் படிவம். மற்ற எண்களைச் சொல்கிற குரலில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

கிளெய்ம் வந்ததும் அந்தப் பாலிசியின் டாக்கெட்டைப் பார்க்க வேண்டும். இப்போது ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார்கள். பழைய பாலிசி என்றால் முப்பது வருடத்துக்கு முன் நிரப்பிய 300 அதில் இருக்கும். உயரம், எடை, அங்க அடையாளம், அப்பா உயிரோடு இருக்கிறாரா, அம்மா எந்த வயதில் எதனால் இறந்தார் என்று வரிசையாகப் பதில்கள். கீழே வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் இளைஞர் போட்ட கையெழுத்து. மேசைக்கு எதிரே அவருடைய மனைவி, கையில் இறப்புச் சான்றிதழோடு. அந்த அம்மாளிடம் பேங்க் பாஸ்புக் நகல் கேட்பதுதான் கிளெய்ம் மேசை ஊழியரின் வேலை.

பாலிசி எடுத்தோ, புதுப்பித்தோ மூன்று வருடம் ஆவதற்குள் மரணம் என்றால் அது 'எர்லி கிளெய்ம்'. நோயை மறைத்து எடுத்தாரா என்று விசாரிக்க வேண்டும். துக்க வீட்டுக்குப் போய், "முன்னாடி ஏதாவது ஆஸ்பத்திரியில காட்டினீங்களாம்மா?" என்று கேட்கிற அதிகாரியை யாரும் நாற்காலி போட்டு வரவேற்பதில்லை. கேட்காமல் விட்டாலோ, ஒழுங்காக உண்மை சொல்லிப் பணம் கட்டிய மற்றவர்களின் காசு போகிறது. மூன்று வருடம் தாண்டிவிட்டால் எந்தக் காரணம் காட்டியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்று, 2015-இல் திருத்தப்பட்ட இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது.

நிறுவனம் பெரிதாக இருப்பதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. 2023 ஜூனில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவில் விபத்துக்குள்ளானபோது, இறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் ரயில்வேயோ போலீஸோ மாநில அரசோ வெளியிட்ட பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்று எல்.ஐ.சி. அறிவித்தது. மேலே ஒரு கையெழுத்து, கீழே எல்லாக் கிளைக்கும் வழி திறந்துவிடும். மற்ற நாளில் ஓர் இனிஷியல் போதும், எல்லாம் நின்றுவிடும். அப்பா நாமினியாகப் போட்ட மகளுக்கு அப்போது அப்பாவின் எழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவரின் எழுத்து. 'இரண்டு பேரும் ஒருவரே' என்று சான்று வாங்க அலையும் பெண்கள் நம்மூரில் எத்தனை பேர்! இந்த இடத்தில்தான் ஊழியரின் தரம் தெரியும். என்னென்ன பேப்பர் வேண்டும் என்று முதல் நாளே, ஒரே தாளில், முழுசாக எழுதிக் கொடுப்பவரே என் கணக்கில் நல்ல ஊழியர். சிரித்த முகம்கூட அப்புறம்தான்.

நம் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். 2023-24-ஆம் ஆண்டில் முதிர்வடைந்தும் யாரும் கேட்டு வராமல் எல்.ஐ.சி.யில் கிடந்த பணம் 880 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து பாலிசிப் பத்திரத்தை எடுங்கள். நாமினி யார்? கல்யாணத்துக்கு முன் எடுத்தது என்றால் அம்மா பெயர் இருக்கும், அம்மா இன்று இல்லாமலும் இருக்கலாம். முகவரியும் பேங்க் கணக்கும் சரிதானா? பத்திரம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரியுமா? பார்த்துவிட்டு, மாற்ற வேண்டியதை மாற்றத் திங்கட்கிழமையே கிளைக்குப் போய்வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்