தொடாத ஆட்டத்தில் தீட்டு எங்கே?

மனிதனை மனிதன் தாழ்த்தி வைப்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எவ்வளவு அர்த்தமற்றவை என்பதைக் காண வேண்டுமானால், பெரிய சாஸ்திரங்களையும் சட்டப் புத்தகங்களையும் புரட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்தைக் கவனித்தாலும் போதும். 1960-ஆம் வருஷத்தை ஒட்டி அமெரிக்காவில் வாலிபப் பிள்ளைகளிடையே பரவிய ஆட்டப் பித்தும், அதை வீட்டுக்கு வீடு கொண்டு போய்ச் சேர்த்த டெலிவிஷன் நிகழ்ச்சிகளும் இதற்குத் தக்க உதாரணமாகும். ஆட்டம் தானே, அதில் என்ன இருக்கிறது என்று தள்ளிவிடாமல், வாசகர்கள் இதைச் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம்.

பிலடெல்பியா நகரத்தில் ஒரு டெலிவிஷன் ஸ்டேஷன், 1952-ல் ஒரு புது வழியைக் கண்டது. மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை ஸ்டுடியோவுக்குள் அழைத்து, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, அவர்களை ஆடச் சொல்லி, அதை அப்படியே படமாகக் காட்டிற்று. நடிகருக்குச் சம்பளமில்லை, கதைக்குக் கூலியில்லை, செலவு கொஞ்சம், வரும்படி அதிகம். 1956-ல் டிக் கிளார்க் என்பவர் அதை நடத்த வந்தார். 1957 ஆகஸ்ட் 5-ந் தேதி முதல் அது ‘அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்’ என்ற பெயரால் தேசம் முழுவதும் காட்டப்பட்டது. அதைப் பார்த்து ஊருக்கு ஊர் அதே மாதிரி நிகழ்ச்சிகள் முளைத்தன. பால்டிமோர் நகரத்தில் பட்டி டீன் என்பவர் 1957-ல் ஒன்றைத் தொடங்கினார். அதில் தினந்தோறும் ஆடும் பிள்ளைகளுக்குக் ‘கமிட்டி’ என்று பெயர். கமிட்டியில் இடம் பிடித்த பெண்ணின் தலையலங்காரத்தைப் பார்த்து, ஊர்ப் பெண்களெல்லாம் அப்படியே தலை வாரிக் கொள்ளும் அளவுக்கு அவர்களுக்குச் செல்வாக்கு இருந்தது.

இந்நிகழ்ச்சிகள் பரப்பிய ஆட்டங்களில் தலையாயது ‘ட்விஸ்ட்’ என்பது. அந்தப் பாட்டை 1959-ல் முதலில் வெளியிட்டவர் ஹாங்க் பாலார்ட் என்ற கறுப்பர். அடுத்த வருஷம் அதையே பாடி உலகப் பிரசித்தி பெற்றவரும் ஒரு கறுப்பரே. அவருடைய பெயர் எர்னஸ்ட் எவன்ஸ். பிலடெல்பியாவில் கோழிக்கடையில் வேலை செய்து கொண்டிருந்த அந்த வாலிபருக்குச் ‘சப்பி செக்கர்’ என்று புதுப்பெயர் சூட்டினார்கள். 1960 ஆகஸ்டில் டிக் கிளார்க்கின் நிகழ்ச்சி ஒன்றில் அவர் ஆடிக் காட்டினார். செப்டம்பரில் அப்பாட்டு தேசத்தில் முதலிடம் பெற்றது. 1962 ஜனவரியில் அதே தட்டு மறுபடியும் முதலிடத்துக்கு வந்தது. பிள்ளைகள் ஆடியதைக் கண்டு பெரியவர்களும் பிடித்துக் கொண்டார்கள். நியூயார்க்கில் பெப்பர்மிண்ட் லவுஞ்ச் என்ற சிறு சாராயக்கடை வாசலில், 1961-ல் பெரிய சீமான்களும் சினிமா நட்சத்திரங்களும் காத்துக் கிடந்தார்கள்.

ட்விஸ்ட் ஆடுவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. குளித்தவன் துண்டின் இரு முனையையும் பிடித்து முதுகைத் துவட்டுவது போல் கைகளும், கீழே போட்ட பீடித்துண்டை நசுக்குவது போல் கால்களும் அசைந்தால் அதுவே ட்விஸ்ட். இதில் வாசகர்கள் முக்கியமாக ஒன்றைக் குறித்துக் கொள்ள வேண்டும். முன்னாளைய வெள்ளைக்கார நடனங்களில் ஆண் பெண்ணின் இடையைப் பிடித்துக் கொண்டு ஆடுவான். ட்விஸ்டிலோ ஒருவரையொருவர் தொடுவதே கிடையாது. எதிரெதிரே நின்று அவரவர் உடம்பை அவரவர் ஆட்டுவதோடு சரி. இதை நினைவில் வைத்துக் கொண்டு மேலே பார்ப்போம்.

இந்த ஆட்டத்தைக் கண்டதும் ஒழுக்கத்தின் காவலர்கள் பலருக்குத் தூக்கமில்லாமல் போய்விட்டது. பஃபலோ நகரத்துக் கத்தோலிக்க ஆயர் 1962-ல் தமது ஆட்சிக்கு உட்பட்ட பள்ளிக்கூடங்களில் ட்விஸ்ட் ஆடக் கூடாதென்று தடை விதித்தார். முன்னாள் ஜனாதிபதி ஐசனோவர், அதே வருஷம் மே மாதத்தில் ஏபிலீன் என்ற ஊரில் தமது பெயரால் அமைந்த நூல் நிலையத்தின் திறப்பு விழாவில் பேசும்போது, பழைய கால நாகரிக நடனத்தோடு ட்விஸ்டை ஒப்பிட்டு வருத்தப்பட்டுக் கொண்டார். பிள்ளைகளின் இடுப்பு அசைவதிலேயே நாட்டின் ஒழுக்கம் ஆட்டங்கண்டுவிட்டதாக இவர்களுக்குத் தோன்றிற்று.

ஆட்டம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஓடியாடும் வயதில் பிள்ளைகள் ஆடுவார்கள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. நாம் கேட்பதெல்லாம் வேறு. இடுப்பு அசைவதைக் கண்ட இந்தக் கண்களுக்கு, அந்த ஸ்டுடியோவின் கதவு ஒரு ஜாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் அடைபட்டிருந்தது ஏன் தென்படவில்லை? எது ஒழுக்கக்கேடு? ஒரு பெண் தன் இடுப்பை அசைப்பதா? அல்லது தோல் நிறத்துக்காக ஒரு குழந்தையை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதா?

கதவு எப்படி அடைபட்டிருந்தது என்பதைச் சற்றுச் சொல்லுவோம். பிலடெல்பியாவில் ‘கறுப்பர் உள்ளே வரக் கூடாது’ என்று யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. நாகரிகமாகச் செய்தார்கள். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஏற்பாடு. கடிதத்தில் பெயர் இருக்கும், விலாசம் இருக்கும். இரண்டையும் பார்த்தாலே எந்தத் தெருப் பிள்ளை, என்ன நிறத்துப் பிள்ளை என்று தெரிந்து போகும். பெயரைக் கேட்டும், ஊரில் எந்தப் பக்கம் வீடு என்று விசாரித்தும் ஆளை நிறுத்துப் பார்க்கும் வித்தை நமது வாசகர்களுக்குப் புதிதல்ல. அந்த ஊர்க் கறுப்புப் பிள்ளைகளும் சளைத்தவர்களல்ல. ஐரிஷ்காரர், இத்தாலியர், போலந்துக்காரர் பெயர்களில் கடிதம் எழுதிச் சீட்டு வாங்கிக் கொண்டு போய் நின்றார்கள். 1957-லேயே நிறபேதத்தை ஒழித்துவிட்டதாக டிக் கிளார்க் பிற்காலத்தில் சொல்லிக் கொண்டதுண்டு. மேத்யூ டெல்மாண்ட் என்ற சரித்திர ஆசிரியர் 2012-ல் வெளியிட்ட புத்தகத்தில், அது உண்மைக்கு மாறானது என்பதை ஆதாரங்களோடு காட்டியிருக்கிறார்.

நிற்க, அந்தப் பிள்ளைகள் ஆடிய ஆட்டங்கள் யாருடையவை? பக்கத்திலுள்ள வில்மிங்டன் நகரத்தில் மிட்ச் தாமஸ் என்ற கறுப்பர், 1955 முதல் 1958 வரை கறுப்புப் பிள்ளைகளுக்கென்று ஒரு டெலிவிஷன் ஆட்ட நிகழ்ச்சி நடத்தினார். பிலடெல்பியா வெள்ளைப் பிள்ளைகள் அதை வீட்டிலிருந்து பார்த்து, ‘ஸ்ட்ரோல்’ போன்ற ஆட்டங்களைக் கற்றுக் கொண்டு, பிறகு ஸ்டுடியோவில் ஆடினார்கள். பெயரும் புகழும் ஆடிக் காட்டியவர்களுக்கு. கற்பித்தவர்களுக்கு வாசலில் கூட இடமில்லை. பாட்டுக் கறுப்பனுடையது, ஆட்டம் கறுப்பனுடையது, பாட வருகிறவனும் பல நாள் கறுப்பன். அவன் பாட்டுக்கு எதிரே நின்று ஆட மட்டும் அவன் தங்கைக்கு யோக்கியதை இல்லை! உழைப்பின் பலன் வேண்டும், உழைத்தவன் வேண்டாம் என்கிற திருட்டு நியாயத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறு என்ன வேண்டும்?

மீறினால் என்ன ஆகும் என்பதையும் 1957-லேயே காட்டினார்கள். ஆலன் ஃபிரீட் என்பவர் நடத்திய ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில், ஃபிராங்கி லைமன் என்ற கறுப்புப் பாடகன் ஒரு வெள்ளைப் பெண்ணோடு சற்று நேரம் ஆடினான். அவன் அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பாத பையன். தெற்கு மாகாணங்களின் ஸ்டேஷன்காரர்கள் கூச்சலிட்டார்கள். கொஞ்ச நாளில் அந்த நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது.

இனிப் பால்டிமோருக்கு வருவோம். அங்கே பட்டி டீன் நிகழ்ச்சியில் கறுப்புப் பிள்ளைகள் அறவே வரக் கூடாதென்று சொல்லவில்லை. அவர்களுக்கென்று தனியாக நாள் ஒதுக்கியிருந்தார்கள். அன்று கறுப்பர் மட்டும். மற்ற நாளெல்லாம் வெள்ளையர் மட்டும். ‘உங்களுக்கும் தான் ஒரு நாள் கொடுத்திருக்கிறோமே, இன்னும் என்ன வேண்டும்?’ என்பது அவர்களுடைய வாதம். தனிக் குவளை வைத்துவிட்டு ‘உனக்கும் தான் காப்பி கொடுக்கிறோமே’ என்று சொல்லுகிறவனுடைய வாதமும் இதுவே அல்லவா? ஒரே தளம், ஒரே விளக்கு, ஒரே இசைத்தட்டு. நாள் மட்டும் வேறு என்றால், அந்த நாளைப் பிரித்தது எது? ஆட்டத்தில் தொடுதலே இல்லை என்று முன்னமேயே சொன்னோம். தொடாத ஆட்டத்தில் தீட்டு எங்கே இருந்து வந்து ஒட்டிக் கொள்ளும்? தட்டிலிருந்தா, தரையிலிருந்தா?

1963 ஆகஸ்டில் அவ்வூரில் சமத்துவத்துக்காகப் பாடுபட்ட மாணவர் சங்கத்தார் ஒரு காரியம் செய்தார்கள். கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய நாளில் சீட்டு வாங்கிக் கொண்டு போய், வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளுமாக ஒரே தளத்தில் கலந்து ஆடினார்கள். அது அப்படியே ஊரெல்லாம் தெரிந்தது. யாரும் செத்துப் போகவில்லை. ஸ்டுடியோவும் இடிந்து விழவில்லை. ஆனால் ஸ்டேஷனுக்கு வெடிகுண்டு மிரட்டலும், தீ வைப்போம் என்ற மிரட்டலும், வசைக் கடிதங்களும் வந்து குவிந்தன. அதே மாதம் 28-ந் தேதி வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கூடி உரிமை கேட்டார்கள். பால்டிமோரை அடுத்த க்வின் ஓக் என்னும் விளையாட்டுப் பூங்கா, பல வருஷக் கிளர்ச்சிக்கும், அந்த ஜூலையில் இருநூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதியானதற்கும் பிறகு, அதே 28-ந் தேதி தான் கறுப்பர்களுக்குத் திறக்கப்பட்டது. பூங்காவின் கதவு திறந்தது. ஸ்டுடியோவின் கதவோ வேறு வழியில் போயிற்று.

என்ன வழி? பிள்ளைகள் கலந்து ஆட வெள்ளைப் பெற்றோர் சம்மதிக்க மாட்டார்கள் என்று ஆனதும், 1964 ஜனவரி 4-ந் தேதியோடு நிகழ்ச்சியையே மூடிவிட்டார்கள். பங்கு கொடுப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்று தீர்மானித்துவிட்டார்கள்! இது ஓர் ஊரின் பைத்தியக்காரத்தனம் மட்டுமல்ல. மிஸிஸிப்பி மாகாணத்து ஜாக்ஸன் நகரசபை, பொது நீச்சல் குளங்களில் கறுப்பரையும் விட வேண்டி வந்தபோது, 1963-ல் குளங்களையே மூடிற்று. எல்லோருக்கும் மூடியதால் பேதமில்லை என்று 1971-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒப்புக் கொண்டது. பிறன் குளிக்கக் கூடாது என்பதற்காகத் தன் பிள்ளையையும் வெயிலில் வாட விடுகிறவனை அறிவாளி என்பதா?

இவ்வளவு பயம் எதற்காக? ஆட்டத்துக்காக அல்ல. இன்று எதிரே நின்று ஆடுகிறவர்கள் நாளை பேசுவார்கள்; பேசுகிறவர்கள் நேசிப்பார்கள்; நேசிக்கிறவர்கள் மணம் செய்து கொள்வார்கள் என்பதற்காகத்தான். பால்டிமோர் இருக்கும் மேரிலாந்து மாகாணத்தில், வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதைத் தடுக்கும் சட்டம் பதினேழாம் நூற்றாண்டிலேயே தோன்றி, 1967-ல் தான் ஒழிந்தது. நிறபேதமானாலும் ஜாதிபேதமானாலும் அதன் ஆணிவேர் கல்யாணப் பந்தலில் தான் இருக்கிறது என்று நாம் அடிக்கடி சொல்லி வருவதற்கு, கடல் கடந்த அந்த ஊர் ஒரு சாட்சி.

அந்நகரத்தில் பிறந்த ஜான் வாட்டர்ஸ் என்பவர் இக்கதையை வைத்து 1988-ல் ‘ஹேர்ஸ்ப்ரே’ என்று ஒரு சினிமா எடுத்தார். 2002-ல் அது நாடகமாகவும், 2007-ல் மறுபடி சினிமாவாகவும் வந்தது. அதன் முடிவில் எல்லோரும் கலந்து ஆடுகிறார்கள். ஜனங்கள் கைதட்டி வீடு திரும்புகிறார்கள். அப்படி நடந்திருக்க வேண்டும் என்ற ஆசையை நாம் குறை கூறவில்லை. ஆனால் சினிமாவில் திறந்த கதவு உண்மையில் திறக்கவில்லை என்பதை மறந்தோமானால், அடைத்தவர்களுக்கு நாமே நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தவர்களாவோம்.

ஆகவே, ஒருவன் சமத்துவக்காரனா அல்லவா என்பதைக் கண்டுகொள்ள ஓர் அளவுகோல் சொல்லுகிறோம். அடுத்தவன் பாட்டை ரசிக்கிறானா, அவன் வித்தையைப் புகழ்கிறானா, அவனுக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறானா என்று பார்க்காதீர்கள். அதே தளத்தில், அதே நாளில், அவன் பக்கத்தில் தன் பிள்ளையையும் நிற்க விடுகிறானா என்று பாருங்கள். அந்த ஆகஸ்டில் அந்த மாணவர்கள் சற்று நேரம் ஆடிக் காட்டியது இவ்வளவே. அந்தச் சற்று நேரத்தைத் தாங்க முடியாமல் ஓர் ஊர் தன் ஆட்டத்தையே நிறுத்திக் கொண்டது என்றால், பலவீனம் யாரிடத்தில் இருந்தது என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ள வேண்டுகிறோம்.