கார்புரேட்டர் மேல் பழி போடும் முன்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துப் பலர் சிரிப்பு பொம்மை போட்டிருந்தீர்கள். கையெல்லாம் கிரீஸ், மூக்குக்கண்ணாடியில் கறை, முன்னால் பழைய தினத்தாளில் பரப்பி வைத்த பித்தளைத் துண்டுகள். சிலர் போன் செய்து, "டீச்சர், இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அக்கறையாகக் கேட்டீர்கள். என் கொழுந்தனார் ஒரு படி மேலே போய், "அண்ணி, காயலான் கடைக்காரன் நாளைக்கே வருவான், சொல்லட்டுமா?" என்றார். தனித்தனியாகப் பதில் எழுதக் கை வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் ஒரே பதிவு. நீளமாகத்தான் இருக்கும். பாதியில் எழுந்து போகிறவர்கள் போகலாம், வருகைப் பதிவு எடுக்க மாட்டேன்.

வண்டி, சார் ஓட்டிய பத்மினிதான். உங்களில் பாதிப் பேர் ஆண்டு விழாவுக்கு அதில் ஏறி வந்தவர்கள். 1986 மாடல், நாங்கள் 1992இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். ஃபியட் 1100 என்று பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த அதே வண்டிக்குத்தான் 1974 முதல் பத்மினி என்று பெயர். 1089 சி.சி., நாலு சிலிண்டர், ஸ்டீயரிங்கை ஒட்டிக் கியர். மும்பை டாக்சிகளில் கடைசியாக மிச்சமிருந்ததும் 2023 அக்டோபரோடு ரோட்டை விட்டுப் போய்விட்டது.

சார் போனபிறகு இரண்டு வருஷம் ஷெட்டிலேயே நின்றது. தை மாதம் பேட்டரி மாற்றிக் கிளப்பினால், கிளம்பியது. ஆனால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடும். திடீரென்று அழுத்தினால் ஒரு நொடி விக்கி, அப்புறம் குதிக்கும். ஷெட் முழுக்கப் பெட்ரோல் வாடை. பக்கத்துப் பட்டறைத் தம்பி வந்து பார்த்தார். பானெட்டைத் திறந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "கார்புரேட்டர் போச்சும்மா. இதுக்கு ஸ்பேர் கிடைக்காது. வேற காரோடத மாத்திடலாம், எட்டாயிரம் ஆகும். இல்லேன்னா வித்துடுங்க" என்றார். பெங்களூரிலிருந்து பெரியவனும் அதையே சொன்னான். மறுபதிவுக்கு வேறு பணம் கட்ட வேண்டும், அம்மாவுக்கு எதற்கு இந்தச் சுமை என்று.

இங்கேதான் என் கருத்து. திறந்தே பார்க்காமல் ஒரு கார்புரேட்டரைப் "போச்சு" என்று சொல்வது, விடைத்தாளைப் பிரிக்காமலே மார்க் போடுவது மாதிரி. அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. அவர் கற்றுக்கொண்டது இன்ஜெக்‌ஷன் வண்டியில். ஸ்கேனரைச் செருகினால் கோளாறு எண் வரும். எங்கள் வண்டியில் செருக இடமே கிடையாது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் பொருள்மேல் பழியைப் போடும் பழக்கம் இருக்கிறதே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வகுப்பறையில் நானும் அதைச் செய்திருக்கிறேன். கரும்பலகை சரியாகத் தெரியாத ஒரு பிள்ளையை ஒரு வருஷம் முழுக்க 'கவனக்குறைவு' என்று எழுதி வைத்தவள் நான். கண்ணாடி போட்டபிறகு அவள் வகுப்பில் இரண்டாவது. இந்தப் பதிவை அவளும் படிப்பாள் என்று நினைக்கிறேன்.

சாரின் வண்டியை இருபது வருஷம் பார்த்த மெக்கானிக் பாய் இன்னும் இருக்கிறார். கடையை மூடி நாளாயிற்று, கை நடுங்குகிறது, ஒரு கண்ணில் புரை. ஆட்டோ வைத்து அழைத்து வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தவர் திருப்புளியை என் கையில் கொடுத்துவிட்டார். "டீச்சரம்மா, நான் சொல்றேன், நீங்க கழட்டுங்க. ஆனா இன்னிக்குக் கார்புரேட்டரைத் தொடவே கூடாது" என்றார்.

முதல் நாள் முழுக்கப் பிளக், சி.பி. பாயிண்ட், டைமிங், டேப்பட் இடைவெளி, இவ்வளவுதான். பாயிண்ட் கருகிப் போயிருந்தது. அதை மாற்றினோம், கண்டன்சரையும் மாற்றினோம். வண்டியின் குதிப்பு பாதி அங்கேயே போய்விட்டது. கார்புரேட்டர் கோளாறு என்று சொல்லப்படுவதில் பாதி கரண்ட் கோளாறு என்பது பாயின் கணக்கு. அதைச் சரிசெய்யாமல் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினால், ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு பண்ணின கதைதான்.

மறுநாள்தான் கழற்றினோம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக ஒரு நிமிஷம். பழைய கொசு மருந்துப் பம்பு ஞாபகம் இருக்கிறதா? காற்று வேகமாகப் போகும் வாயில் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், கீழே டப்பாவில் மருந்து. காற்று வேகமெடுக்கும் இடத்தில் அழுத்தம் குறையும், மருந்து தானாக மேலே ஏறித் தூறலாகும். கார்புரேட்டரும் அதுதான். பெட்ரோல் மட்டம் ஏறாமல் பார்த்துக்கொள்ள, மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்குமே அதுபோல ஒரு மிதவையும் ஊசி வால்வும். எவ்வளவு பெட்ரோல் போகலாம் என்பதை முடிவு செய்யும் துளையிட்ட பித்தளைத் திருகுகள்தான் ஜெட். மேலே எண் அடித்திருக்கும். 120 என்றால் 1.20 மில்லிமீட்டர் என்று படித்துக்கொள்ளலாம்.

எங்கள் வண்டியின் மூன்று தொந்தரவுக்கும் மூன்று தனித்தனிக் காரணம். ஐட்லிங்கில் நின்றதற்கு, அந்த வேகத்துக்கென்றே இருக்கும் பைலட் ஜெட் அடைத்திருந்தது. நின்றுபோன பெட்ரோல் காய்ந்து பழுப்புப் பிசினாகிவிட்டது. அழுத்தும்போது விக்கியதற்கு, ஆக்சிலேட்டர் பம்பின் டயாஃப்ரம் வெடித்திருந்தது. கூடுதலாக ஒரு பீச்சுப் பெட்ரோல் கொடுக்க வேண்டியது அதுதான். வாடைக்குக் காரணம் ஊசி வால்வு. நுனியில் வளையம் மாதிரி தேய்ந்து, மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை. ஆக, 'போச்சு' என்று ஒரு வார்த்தையில் முடிந்துபோன பொருளில் கெட்டுப்போயிருந்தது இவ்வளவுதான்.

ஜெட்டுக்குள் குண்டூசி விடக் கூடாது, கம்பி விடக் கூடாது. துளை ஒரு நூல் பெரிதானால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஊறவைத்து, சைக்கிள் கடையில் காற்று பிடித்து ஊதினேன். கொஞ்சம் அடம் பிடித்ததற்கு ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை. மிதவையைக் காதோரம் ஆட்டிப் பார்த்தேன், உள்ளே பெட்ரோல் சத்தம் இல்லை. சுடுதண்ணீரில் அமுக்கினேன், குமிழி வரவில்லை. அது நல்லதாயிற்று. அடிப்பகுதி கொஞ்சம் வளைந்திருந்தது. முன்னால் யாரோ போல்ட்டை வெறியோடு முடுக்கியிருக்கிறார்கள். கண்ணாடிப் பலகையில் எமரி பேப்பர் வைத்து எட்டு எட்டாகத் தேய்த்துச் சமமாக்க ஒரு மத்தியானம் ஆயிற்று. ஸ்பேர் கிடைக்காது என்றார்களே, டயாஃப்ரம், கேஸ்கெட், ஊசி வால்வு எல்லாம் சேர்ந்த கிட் கூரியரில் மூன்று நாளில் வந்தது. எல்லாமாக 1,150 ரூபாய்.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஊசி வால்வுக்குக் கீழே ஒரு மெல்லிய வாஷர் உண்டு. அதன் தடிமன்தான் பெட்ரோல் மட்டத்தை நிர்ணயிக்கிறது. அது தினத்தாளில் ஒட்டிக்கொண்டதை நான் பார்க்கவில்லை. மாட்டிக் கிளப்பினால், கார்புரேட்டர் நிரம்பி வெளியே வழிகிறது, கீழே சூடான எஞ்சின். பாய் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "ஆஃப் பண்ணுங்க!" பக்கத்தில் மணல் வாளியும் தீயணைப்பானும் வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. நீங்கள் யாராவது இந்த வேலையில் இறங்கினால் வாசலில், திறந்த வெளியில் செய்யுங்கள். பூஜை விளக்கு எரியும் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

ட்யூனிங் கடைசி. அதற்கு இரண்டே ஸ்க்ரூ. ஒன்று எஞ்சின் எவ்வளவு வேகத்தில் சும்மா ஓட வேண்டும் என்பதற்கு, இன்னொன்று அந்த வேகத்தில் கலவை எவ்வளவு என்பதற்கு. எஞ்சின் நன்றாகச் சூடானபிறகு கலவை ஸ்க்ரூவை மெதுவாகத் திறந்துகொண்டே போக வேண்டும். ஓட்டம் ஏறும், சீராகும், ஒரு கட்டத்துக்கு மேல் மறுபடி தடுமாறும். சீரான இடத்தில் நிறுத்தி, வேகத்தை மற்ற ஸ்க்ரூவில் குறைத்து, திரும்பவும் முதலிலிருந்து. மூன்று முறை செய்தேன். இதற்குக் கண் வேண்டாம், காது போதும். பாய் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார்.

சாரின் கணக்கு நோட்டில், பெட்ரோல் போட்ட தேதிகளுக்கு நடுவில், "ஒன்றரை சுற்று" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. அதை அப்படியே வைத்தேன். ஓடியது, ஆனால் இருமல். பாய் கால் சுற்று திறக்கச் சொன்னார். இருமல் நின்றது. ஏன் என்று கேட்டேன். "சார் காலத்துப் பெட்ரோல் இல்லம்மா இது" என்றார்.

அது உண்மை. இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. 2023இல் தொடங்கி 2025இல் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனாலுக்கு எரியக் காற்று குறைவாகப் போதும். அதனால் அதே ஜெட்டில் கலவை காற்று மிகுந்துபோகிறது. புது வண்டி தன் சென்சாரை வைத்துத் தானே சரிசெய்துகொள்ளும், இதற்கு நாம்தான் செய்ய வேண்டும். கூடவே அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். கரும்பு விவசாயிக்கு நல்லது என்கிறார்கள், நல்லது நடக்கட்டும். ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவருக்கு எத்தனால் கலக்காத சாதாரணப் பெட்ரோலையும் ஏதாவது ஒரு பங்கில் கிடைக்கச் செய்திருக்கலாம். கேட்பவர்கள் சிலர்தான் என்பதால் கேட்காமலே விட்டுவிட்டார்கள். நீங்கள் ஷெட்டில் வண்டி நிறுத்துவதாக இருந்தால், பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

பழைய வண்டி புகை கக்கும், அதை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று சின்னவன் கேட்டான். நியாயமான கேள்வி. புது வண்டி அளவுக்குச் சுத்தமாக இது எரிக்காது, மறுக்கவில்லை. தினமும் ஓட்டப் போவதில்லை. மாதத்துக்கு இரண்டு முறை, கோயிலுக்கும் பாய் வீட்டுக்கும். அந்த இரண்டு முறையும் ஊர் மூக்கைப் பொத்தக் கூடாது என்றால் ட்யூன் செய்தே ஆக வேண்டும். பிளக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. எங்களுடையது நேற்றுப் பார்த்தபோது நாலும் பிஸ்கெட் நிறம்.

மாற்றவே கூடாது என்றும் சொல்லவில்லை. த்ராட்டில் தண்டு ஓடும் துளை ஓவலாகத் தேய்ந்துவிட்டால் அந்த வழியே காற்று புகும், எத்தனை ட்யூன் செய்தாலும் நிற்காது. லேத் பட்டறையில் புஷ் போட ஆள் கிடைக்காவிட்டால் அப்போது வேறு கார்புரேட்டர் தேடுங்கள், தப்பில்லை. ஆனால் தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள்.

பெரியவனுக்கும் கொழுந்தனாருக்கும்: வண்டி விற்பனைக்கு இல்லை. மறுபதிவுப் பணம் என் பென்ஷனிலிருந்து போகும். காயலான் கடைக்காரரை அனுப்ப வேண்டாம், வாசலில் பழைய இரும்புக் கட்டில் ஒன்று கிடக்கிறது, அதற்கு வேண்டுமானால் வரட்டும்.

பட்டறைத் தம்பி நேற்று வந்து ஐட்லிங்கைக் கேட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை பாயிடம் உட்காரட்டுமா என்று கேட்டார். வரச் சொல்லியிருக்கிறேன். சாரின் நோட்டில் "ஒன்றரை சுற்று" என்பதற்குக் கீழே, தேதி போட்டு, "ஒன்றே முக்கால்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.