தமிழ் கொடுத்து ஆங்கிலம் பெறுவோம்

கைப்பேசி இல்லாத கை இன்று நம் கல்லூரியில் அரிது. பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் அது கையில்; உறங்கும்போதும் அது தலைமாட்டில். அந்தக் கருவியைக் கொண்டு நாம் ஆங்கிலம் கற்றோமா என்று கேட்டால், பலரிடம் விடை இல்லை. தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்று, பகுதி இரண்டு ஆங்கிலத் தாளின் முன் மலைத்து நிற்கும் மாணவர்களை ஆசிரியப் பெருமக்கள் நன்கு அறிவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பண்பொழியில் எங்கள் தெருவில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசினால், பதில் சொல்ல ஆளில்லை.

கருவியால் பயனில்லை என்று நான் கூற வரவில்லை. பைக்குரிய ஆங்கிலச் சொல்லையும், மூட்டை கட்டுவதற்குரிய ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பேக்’தான். நம் எழுத்தில் ஒரே பகரம் இரண்டு ஒலிகளையும் சுமக்கின்றது. புத்தக ஓரத்தில் தமிழெழுத்தால் உச்சரிப்பைக் குறித்துவைத்துப் படிக்கும் நமக்கு அந்த வேறுபாடு எப்படிப் புலப்படும்? கைப்பேசியிலுள்ள அகராதியைத் தொட்டால் அது ஒலித்துக் காட்டுகின்றது. நூறு முறை தொட்டாலும் சலிப்பதில்லை, முக்கியமாக, சிரிப்பதில்லை! நாம் சொல்வதைக் கேட்டு எழுதும் வசதியும் அதிலேயே உண்டு. பையைச் சொன்னோமா, மூட்டையைச் சொன்னோமா என்பதை அது எழுதிய சொல்லே காட்டிவிடும். பட்டிக்காட்டு மாணவனுக்கு இது சிறிய உதவியா?

ஆனால் அதற்கு மேல் என்ன? 2011-ஆம் ஆண்டு கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழும் சேர்ந்தது. இன்று செயற்கை நுண்ணறிவு முழுக் கட்டுரையையே எழுதித் தந்துவிடுகின்றது. கட்டுரை வந்தது; ஆங்கிலம் வந்ததா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். திரைச் சுரைக்காயும் அப்படித்தான். பேசக் கற்பதற்கு எதிரே ஒரு காது வேண்டும். அந்தக் காதுக்கு நம் பேச்சு தேவைப்படவும் வேண்டும்.

அத்தகைய காது எங்கே இருக்கின்றது? கடல் கடந்து இருக்கின்றது என்பேன்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற ‘தமிழிணையம் 99’ மாநாட்டின் பயனாக, 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். அயல்நாடுகளில் வாழும் தமிழர்தம் பிள்ளைகள் கணிப்பொறி வழியே தமிழ் கற்கவேண்டும் என்பது அதன் முதன்மை நோக்கம். நமக்கு ஆங்கிலம் எப்படி இரண்டாம் மொழியோ, அப்படியே அப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் இரண்டாம் மொழியாகிவிட்டது. சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. ஆயினும் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி.

எங்கள் தெரு ஆச்சி ஒருவரின் பேத்தி அங்கேதான் படிக்கின்றாள். பாடத்தில் ‘நான் வருகிறேன்’ என்று கற்றவள், ஆச்சி கைப்பேசியில் ‘வாரேன்’ என்றதும் விழித்தாள். ‘ஏட்டி, சாப்ட்டியா?’ என்பதைப் புரிந்துகொள்ள அவளுக்குச் சில வாரங்கள் ஆயின. இன்று அவள் ஆச்சியையே கேலி செய்கின்றாள்! எழுத்துத் தமிழைத் திரை கற்பித்தது. பேச்சுத் தமிழை ஆச்சி கற்பித்தார். (நெல்லைத் தமிழைக் கொச்சை என்று முகம் சுளிப்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.)

ஆக, அவர்களிடம் இல்லாதது நம் வாயில் இருக்கின்றது. நம்மிடம் இல்லாதது அவர்கள் வாயில் இருக்கின்றது. நம் கிராமங்களில் நெல் கொடுத்து உப்பு வாங்கினார்களே, அந்தப் பண்டமாற்றை மொழியில் செய்தால் என்ன? அரைமணி தமிழ், அரைமணி ஆங்கிலம். இது புதிய கற்பனை அன்று. பகைமை மறந்த பிரான்சும் செருமனியும் 1963-இல் இளைஞர் பரிமாற்றத்துக்கென ஓர் அமைப்பை நிறுவின. அங்கு ஒருவர் மொழியை மற்றவர் இவ்வாறு கற்கும் முறை 1960-களிலேயே வளர்ந்தது. அவர்கள் எல்லை தாண்டிப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. நமக்கு ஒரு திரை போதும்.

முன்பின் அறியாதவரோடு மாணவிகள் எப்படிப் பேசுவது என்று பெற்றோர் அஞ்சுவர். அந்த அச்சம் நியாயமானது. ஆகவேதான் தனித்தனிக் கைப்பேசி வேண்டாம். கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில், ஆசிரியர் உடனிருக்க, குழுவாக அமர்ந்து பேசுவோம் என்கிறேன். அயல்நாட்டுத் தமிழ்ப் பள்ளிகளுக்குக் கல்லூரியே கடிதம் எழுதலாம். 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆங்கிலப் பயிற்சியும் இருக்கின்றது; இலக்கணத்தை அதில் கற்போம், பேச்சை இதில் பழகுவோம். சாரல் காலத்தில் மின்சாரம் போனால் அன்றைக்கு விடுமுறை. இலவசமாகப் பெறும் உதவியில் வரும் கூச்சம் இதில் இல்லை. கொடுத்துத்தான் வாங்குகிறோம், முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த நிமிர்வு பெரிது.

நம் கணிப்பொறிக் கூடம் வகுப்பு முடிந்ததும் பூட்டப்படுகின்றது. வாரம் ஒரு நாள் மட்டும் மாலையில் திறந்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சிங்கப்பூரில் இரவு எட்டு மணி, நமக்கு மாலை ஐந்தரை. அதன் பிறகும் பண்பொழிக்குப் பேருந்து உண்டு.