பெட்டிமேல் எழுதிய விரைவு

புதுப் பாவு பிணைத்த அன்று நெசவாளன் தறியை விரட்டான். இரண்டு விரல் அகலம் நெய்வான். இழை இழையாய்க் கண்ணோட்டுவான். அறுந்ததை முடிந்து, தவறிய இழையை மீட்டு, அதன் பின்னரே மேற்செல்வான். கண்ணமங்கலத்திலும் ஆரணியைச் சூழ்ந்த ஊர்களிலும் பட்டுத்தறி வழிவழியாகக் கற்பித்த ஒழுங்கு இது. இன்று பட்டுக்குரிய பூவேலைகள் கணிப்பொறியிலேயே வரையப்படுகின்றன. ஆயின், தறியை ஆய்ந்து பார்க்கும் அதே கைகள் அக்கணிப்பொறியின் நினைவகத்தை ஆய்ந்து பார்க்கின்றனவா? பார்ப்பார் மிகச் சிலர். பெட்டிமேல் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்புகின்றனர். போதாக்குறைக்கு, அவ்வெண்ணுக்கும் மேலாக அதை விரட்டுவோரும் உளர்.

நினைவகம் நெசவாளர்க்கு அயலான பொருள் அன்று. பிரான்சு நாட்டு இலியோன் நகரத்துச் சக்கார்டு என்பார் 1804-இல் அமைத்த தறிப்பெட்டியில் அட்டைதான் நினைவகம். துளை இருப்பின் கொக்கி எழும், இல்லையேல் எழாது. உண்டு, இல்லை என்னும் அவ்விரண்டு சொற்களே கணிப்பொறியின் மொழியும் ஆயின. 1969-இல் நிலவுக்குச் சென்ற கலத்தின் கணிப்பொறிக்குரிய நிலை நினைவகத்தை அமெரிக்க நாட்டுப் பெண்கள் கையாலேயே கம்பி கோத்து நெய்தனர். கம்பி வளையத்துள் நுழைந்தால் ஒன்று. புறத்தே சென்றால் சுழி. நெசவே அது!

இன்றைய நினைவகப் பலகையோ வேறு வகையினது. 1966-இல் தென்னார்டு என்னும் அறிஞர் கண்ட வழிப்படி, ஒரு திரிதடையமும் ஒரு நுண்ணிய மின்தேக்கியும் சேர்ந்து ஓர் அறை. மின்தேக்கியில் மின்னேற்றம் இருந்தால் 'உண்டு', வடிந்தால் 'இல்லை'. அது ஓட்டைக் குடம். நொடியின் ஆயிரத்தில் 64 பங்குக்குள், புதிய வகையில் 32 பங்குக்குள், ஒவ்வோர் அறையையும் மீண்டும் நிரப்பியாக வேண்டும். வெப்பம் ஏற ஏற ஒழுக்கும் மிகும்.

இனி விரைவுக்கு வருவோம். நான்காம் தலைமுறை நினைவகத்துக்குப் பொதுவரையறை வகுத்த உச்சம், ஒரு தடத்தில் நொடிக்கு 320 கோடிப் பரிமாற்றம். 2020-இல் வரையறுத்த ஐந்தாம் தலைமுறை 480 கோடியில் தொடங்கியது. அதற்குரிய மின்னழுத்தம் 1.1 வோல்ட்டு. கடையில் '6000' என்று பொறித்து விற்கும் பலகை, பொதுவரையறையில் 1.1 வோல்ட்டில் அவ்விரைவுக்கு வருவது அன்று, பெரும்பாலும் 1.35 வோல்ட்டு ஊட்டி விரட்டினால் வருவது. இவ்வாறு துடிப்பை மிகுத்து ஓட்டுவதையே ஓவர்கிளாக்கிங் என்பர். தமிழில் மிகைத்துடிப்பு என்க.

எண்ணில் இன்னொரு மயக்கும் உண்டு. '3200' என்னும் பழைய பலகை 16 துடிப்புக் காத்திருந்து விடை தரும். '6000' என்னும் புதிய பலகை 30 துடிப்புக் காத்திருக்கும். கணக்கிட்டால் இரண்டும் நொடியின் நூறு கோடியில் பத்துப் பங்கே! விடை வரத் தொடங்கியபின் ஒழுகும் வெள்ளம் புதியதில் பெரிது என்பது மெய். முதற்சொல் வருங்காலமோ ஒன்றே. ஏறத்தாழ இருமடங்கு எண்ணுக்கு இருமடங்கு விரைவு என்றெண்ணி வாங்குவோர் இதை அறிதல் வேண்டும்.

விரட்டுவது குற்றமா? அன்று. விரட்டிவிட்டு ஆயாமல் விடுவதே குற்றம். மிகைத்துடிப்புத் தாளாத பலகை உடனே கணிப்பொறியை நிறுத்திவிடின் அது நற்பேறு. பெரும்பாலும் நிகழ்வது வேறு. ஓர் அறையில் ஒன்று சுழியாகும். பொறி ஓடிக்கொண்டே இருக்கும். முந்தியின் அன்னத்தில் ஒரு புள்ளி இடம் மாறும்; அதையே சேமிப்பர்; அதற்கே படியெடுப்பர்; படியிலும் அப்பிழையே இருக்கும். அட்டையில் தவறான துளையெனின் கண்ணுக்குத் தெரியும், ஒட்டி அடைத்துவிடலாம். இதுவோ பல நாள் உழைப்பு சேலையாய் விரிந்த பின்னரே, பூ வரும் இடந்தோறும் பல்லிளிக்கும். மிகைத்துடிப்பே இன்றிக் குளிரறையில் ஓடிய கூகுள் குழுமத்துப் பொறிகளிலேயே, ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஓராண்டில் ஒரு நினைவகப் பிழையேனும் கண்டது என 2009-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அங்கே பிழைதிருத்தும் நினைவகம் இருந்தது. நம் ஊர்க் கடைப்பொறிகளில் அஃது அரிது. ஐந்தாம் தலைமுறைச் சில்லு தன்னுள் நேரும் பிழையைத் தானே திருத்தும் என்பர் விற்போர். உள்ளே நேர்வதைத் திருத்தும். சில்லுக்கும் செயலிக்கும் இடைப்பட்ட தடத்தில் நேர்வதைத் திருத்தாது.

ஆய்வுக்குப் பொருட்செலவு இல்லை. மெம்டெசுட்டு என்னும் ஆய்வுநிரலை நினைவுக்குச்சி ஒன்றில் ஏற்றி, இயங்குதளம் எழுமுன்னரே ஓடவிட்டால், அறைதோறும் ஒன்றும் சுழியும் மாற்றி மாற்றி எழுதிப் படித்துப் பார்க்கும். ஒரு வரியை ஓயாது தட்டி அண்டை வரி சிதைகிறதா என்றும் காணும். ஓர் இரவு முழுதும் ஓடட்டும். ஒரு பிழை வரினும் அந்த அமைப்பு ஆகாது, துடிப்பைக் குறைக்க. மார்கழி விடியலில் தேறியது கத்திரி வெயிலில் தேறும் என்பதற்கு உறுதியில்லை. வேலூர்ப் பக்கத்து வெயில் யாரும் சொல்லித் தெரிய வேண்டுவதன்று. ஆகவே சித்திரையில் மறுபடி ஆய்க.

இவ்வளவும் எளிதெனின் ஏன் செய்கின்றிலர்? அமைப்புத் திரை முழுதும் ஆங்கிலக் குறுக்கெழுத்து. 'சி எல்', 'டி ஆர் சி டி', 'டி ஆர் பி' என்று நிற்பவற்றின் பொருள் அறியாத இளைஞர், எவனோ தன் பலகைக்கு இட்ட எண்களைத் தம் பலகைக்கும் இடுகின்றனர். அஃது அறிவன்று, மந்திரம் ஓதல். பொருளோ மிக எளிது. பள்ளிக் கணக்கில் பயின்ற நிரை, நிரல் என்னும் இரு சொற்கள் போதும்: நிரையைத் திறக்கக் காத்திருப்பு, நிரலைப் படிக்கக் காத்திருப்பு, நிரையை மூடக் காத்திருப்பு. எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் இது விளங்கும். தமிழ்ப்பற்றாளரும் இங்கே குற்றமற்றவர் அல்லர். நினைவகமா நினைவியா என்று ஆண்டுக்கணக்கில் சொற்போர் ஆடினர். பொறியின் மூடியைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

பொறி பொருத்தித் தரும் கடைக்காரர் விலைச்சீட்டின் அடியில் நான்கு வரி தமிழில் எழுதித் தரலாம்: இட்ட துடிப்பு, ஊட்டிய மின்னழுத்தம், ஆய்ந்த மணி, கண்ட பிழை. வாங்குவோர் அதைக் கேட்டு வாங்கட்டும். சரிகையை உரசிப் பார்த்து வாங்கும் ஊருக்கு இது புதுப் பழக்கமும் அன்று.