ரெண்டு நாள் டிரிப்... செல்ஃப் டிரைவ் கார் எடுக்கலாமா? புக் பண்றதுக்கு முன்னாடி நம்பர் பிளேட்டைப் பாருங்க!

சனி, ஞாயிறோடு ஒரு திங்கள் லீவும் சேர்ந்துவிட்டால் போதும். வாட்ஸ்அப் குரூப்பில் முதல் கேள்வி, 'எங்க போறோம்?' அடுத்த கேள்வி, 'கார் எடுத்துரலாமா?' முதல் கேள்விக்கு ரெண்டு நாள் பஞ்சாயத்து நடக்கும். ரெண்டாவது கேள்வி ரெண்டே நிமிஷத்தில் முடிந்துவிடும். யாராவது ஒருத்தர் செல்ஃப் டிரைவ் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் போடுவார். 'டிவைட் பண்ணா ஆளுக்குக் கொஞ்சம்தான் மச்சி' என்பார். எல்லோரும் தம்ஸ் அப் போடுவார்கள். அவ்வளவுதான்.

உண்மையில் பஞ்சாயத்து நடக்க வேண்டியது ரெண்டாவது கேள்விக்குத்தான். அதில் பணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் சட்டமும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல கணக்கு

சென்னையிலிருந்து புதுச்சேரி. ஈ.சி.ஆர் வழியாகச் சுமார் 150 கி.மீ. நான்கு நண்பர்கள், ரெண்டு நாள். கார் வாடகை ஒரு நாளைக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு நாளுக்கு 5,000. போக, வர, ஊருக்குள் சுற்ற எல்லாம் சேர்த்து 360 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடினால் 24 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றால் 2,400. டோல், பார்க்கிங் ஒரு 500. மொத்தம் 7,900. ஆளுக்கு 1,975.

இதே நாலு பேர் பஸ்ஸில் போகிறார்கள். போக 250, வர 250 என்று வைத்தால் ஆளுக்கு 500. அங்கே போய் ரெண்டு ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒரு வண்டிக்கு நாளுக்கு 500 என்றால், ரெண்டு நாளுக்கு ஆளுக்கு 500. பெட்ரோல் ஆளுக்கு 75. ஆக மொத்தம் 1,075. கிட்டத்தட்ட பாதிதான்.

ரெண்டு பேர் மட்டும் போனால் வித்தியாசம் இன்னும் மோசம். காருக்கு ஆளுக்கு 3,950. பஸ், ஸ்கூட்டருக்கு அதே 1,075. காரில் அஞ்சு பேர் நெருக்கி உட்கார்ந்தாலும் ஆளுக்கு 1,580 வருகிறது. அதாவது, 'டிவைட் பண்ணா கம்மி' என்பது தனியாகக் கார் எடுப்பதோடு ஒப்பிட்டால்தான் கம்மி. பஸ்ஸோடு ஒப்பிட்டால் இல்லை. வாடகையும் டிக்கெட்டும் ஊருக்கு ஊர், சீஸனுக்கு சீஸன் மாறும். உங்கள் டிரிப்புக்கான எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 360 கி.மீ. ஓட, சராசரியாக மணிக்கு 40 கி.மீ. என்று வைத்தால் 9 மணி நேரம். ஆனால், நாம் வாடகை கொடுப்பது 48 மணி நேரத்துக்கு. மிச்ச 39 மணி நேரம் கார் சும்மா நிற்கிறது. அது நிற்பதற்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம், நிறுத்த இடமும் நாம்தான் தேடுகிறோம்.

அப்போ கார் எதில் ஜெயிக்கும்? வசதியில். முட்டி வலி இருக்கும் அம்மா, கைக்குழந்தை, மூணு பை, ஒரு ஸ்ட்ரோலர் என்று கிளம்பும் குடும்பத்துக்கு 'ஸ்கூட்டர் எடுங்க' என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவர்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது நிம்மதியை. அது நியாயமான செலவு. ஆனால், அதை 'மிச்சம் பிடிக்கிறோம்' என்று நினைத்துச் செய்யக் கூடாது.

ஊருக்கு ஊர் பதில் மாறும்

புதுச்சேரியில் டூரிஸ்ட்டுகள் அதிகம் போகும் ஒயிட் டவுன் நடந்தே சுற்றக்கூடிய அளவுதான். பீச் ரோட்டில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நீங்கள் கடற்கரையில் இருக்க ஆசைப்படும் நேரத்தில், கார் ஏதோ ஒரு தெருவில் நிற்கும்.

கொச்சியில் எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குக் காரில் போனால் பாலமும் டிராஃபிக்கும்தான் காட்சி. 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ, 2024 ஏப்ரலில் ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சி வரை நீண்டது. சுமார் 20 நிமிஷத்தில் காயல் வழியாகக் கொண்டுபோய் விடுகிறது. ஊருக்குப் போவதே ஒரு சுற்றுலா ஆகிவிடுகிறது. ஃபோர்ட் கொச்சியின் குறுகலான தெருக்களுக்குக் கார் ஒரு சுமை.

பெங்களூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாம்டாம் நிறுவனத்தின் 2024-ம் ஆண்டுக் கணக்குப்படி, அங்கே 10 கி.மீ. கடக்க சராசரியாக 34 நிமிடம் 10 விநாடி ஆனது. மெட்ரோ கட்டணம் 2025 பிப்ரவரியில் ஏறி, அதிகபட்சம் 90 ரூபாய் ஆனது. அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. ஆனாலும், 2025 ஆகஸ்ட்டில் மஞ்சள் வழித்தடமும் திறந்த பிறகு, ரெண்டு நாள் விருந்தாளிக்கு மெட்ரோவே போதும். மிச்சத்துக்கு ஆட்டோ.

ஊட்டி, கொடைக்கானல் கதை வேறு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீஸனில் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள்: ஊட்டிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000 மற்றும் 6,000. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இந்த வரம்பு கிடையாது. கார் புக் பண்ணி, ரூம் புக் பண்ணி, பாஸ் கிடைக்காமல் போனால்? அதனால் மலைக்குப் போவதென்றால் வரிசை இதுதான்: முதலில் பாஸ், அப்புறம் ரூம், கடைசியில் கார்.

தஞ்சாவூர் நேர்மாறு. பெரிய கோயில் ஊருக்குள் இருக்கிறது. ஆனால், தாராசுரம் சுமார் 35 கி.மீ., அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் இன்னொரு 35 கி.மீ. மதியம் நடை சாத்திவிடுவார்கள். மூன்று சோழர் கோயில்களையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்க்க, பஸ் மாறி மாறிப் போனால் பொழுது போதாது. இங்கே கார் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

சுருக்கமாக, பார்க்க வேண்டிய இடங்கள் ஒரே ஊருக்குள் அடங்கினால் கார் வேண்டாம். ஊரைச் சுற்றி 30, 40 கி.மீ. தள்ளித் தள்ளி இருந்தால் கார் வேண்டும்.

அது யாரோட கார்?

இதுதான் குரூப்பில் யாருமே கேட்காத கேள்வி. நம்பர் பிளேட்டில் பதில் இருக்கிறது. வெள்ளை பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோக வண்டி, அதாவது ஓன் போர்டு. மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் டிரைவரோடு வரும் டாக்ஸி. கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து என்றால் மட்டுமே, நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் வண்டி. மத்திய அரசின் 1989-ம் ஆண்டு 'ரென்ட் எ கேப்' திட்டப்படி, இதற்கான உரிமம் வாங்கும் நிறுவனத்திடம் குறைந்தது 50 கார்களாவது இருக்க வேண்டும்.

ஆனால், நடைமுறையில் என்ன நடக்கிறது? 'நம்ம ஃப்ரெண்டுக்குத் தெரிஞ்ச அண்ணன்கிட்ட ஒரு வண்டி இருக்கு' என்று ஓன் போர்டு கார் கைமாறுகிறது. வாடகை கம்மி, கேள்வி கம்மி, டெபாசிட் கம்மி. டிரிப் நல்லபடியாக முடிந்தால் ஒன்றும் இல்லை. முடியாவிட்டால்தான் பிரச்னை.

2024 டிசம்பர் 2-ம் தேதி இரவு, கேரளத்தின் ஆலப்புழா பக்கம் களர்கோடு என்ற இடத்தில் 11 மருத்துவக் கல்லூரி மாணவர்கள் போன கார், அரசுப் பேருந்தில் மோதியது. ஆறு மாணவர்கள் இறந்தார்கள். மழை, அளவுக்கு அதிகமான ஆட்கள், ஓட்டியவரின் குறைந்த அனுபவம் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. கூடவே வெளியே வந்த விஷயம், அது தனியார் ஒருவரின் ஓன் போர்டு வண்டி என்பது. சட்டத்துக்குப் புறம்பாக வாடகைக்கு விட்டதாக உரிமையாளர்மீது மோட்டார் வாகனத் துறை நடவடிக்கை எடுத்தது. வெள்ளை பிளேட் விபத்தை உண்டாக்காது. ஆனால், விபத்து நடந்த பிறகு யார் யாருக்குப் பொறுப்பு என்பதை அது மாற்றிவிடும்.

எப்படி? சொந்த உபயோக காரின் இன்ஷூரன்ஸ் பாலிசியில், வாடகைக்கு விட்டால் செல்லாது என்று நிபந்தனை இருக்கும். கார் நொறுங்கினால் அந்தச் செலவை நிறுவனம் மறுக்கலாம். மூன்றாம் நபருக்கு அடிபட்டால், இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கச் சொன்ன தீர்ப்புகள் இருக்கின்றன. 'தெரிஞ்ச அண்ணன்' அப்போது யாரைத் தேடி வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. கிரிமினல் வழக்கு எப்போதுமே ஸ்டியரிங் பிடித்தவர்மேல்தான். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறை.

ஒரு சந்தேகம் வரலாம். கறுப்பு பிளேட் கமர்ஷியல் வண்டியாச்சே, நம்ம சாதாரண லைசென்ஸ் போதுமா? போதும். 7,500 கிலோவுக்குள் இருக்கும் போக்குவரத்து வண்டிகளை ஓட்ட எல்.எம்.வி லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. ஆனால், எல்.எல்.ஆர் வைத்துக்கொண்டு கிளம்பக் கூடாது.

மூணாவது வழி ஒண்ணு இருக்கு

கார் எடுக்கலாமா, வேண்டாமா என்று ரெண்டே பதிலோடு நிறுத்திக்கொள்வதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். ஊருக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போய், தூரமான இடங்களைப் பார்க்கும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் டிரைவரோடு மஞ்சள் போர்டு கார் எடுக்கலாம். கி.மீ. கணக்கு, டிரைவர் பேட்டா, டோல் எல்லாவற்றையும் முன்பே பேசிவிட்டால் அதிர்ச்சி இருக்காது. ஆப் டாக்ஸியை நம்பியிருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல், நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல ரெண்டு மடங்கு வரை வசூலிக்க இடம் கொடுக்கிறது. லாங் வீக்கெண்ட் இரவில் அந்த ரெண்டு மடங்கு உங்கள் பட்ஜெட்டிலும் இருக்கட்டும்.

இந்த வழியில் இன்னொரு லாபம். வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் களைத்துப்போன ஒருவர், ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டியதில்லை. குரூப்பில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர் பெரும்பாலும் ஒருத்தர்தான். மற்றவர்களுக்கு அது டிரிப், அவருக்கு அது டியூட்டி. புதுச்சேரி என்றால் கேட்கவே வேண்டாம், அவர் மட்டும் மூணு நாளும் ஜூஸ்தான் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, சமயத்தில் ரெண்டும். இன்ஷூரன்ஸும் கைவிட்டுவிடும்.

எடுக்கத்தான் போறீங்களா?

சரி, உங்கள் கணக்கில் கார்தான் சரி என்று வருகிறதா? தாராளமாக எடுங்கள். கிளம்பும் முன் இதையெல்லாம் செய்யுங்கள்.

• கறுப்பு பிளேட்டா என்று பாருங்கள். எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டு, வண்டியின் வகை, இன்ஷூரன்ஸ், எஃப்.சி மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

• வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ. கீறல், டயர், கண்ணாடி, ஸ்டெப்னி, பெட்ரோல் முள், கி.மீ. மீட்டர் எல்லாம் அதில் வரட்டும். திருப்பிக் கொடுக்கும்போதும் அதேபோல ஒன்று. டெபாசிட் சண்டையில் பேசப்போவது அந்த வீடியோதான்.

• தினசரி கி.மீ. வரம்பு எவ்வளவு, தாண்டினால் எவ்வளவு, மாநிலம் தாண்டலாமா, லேட்டானால் என்ன, விபத்தானால் நம் பங்கு அதிகபட்சம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

• ஸ்பீடு கேமரா சலான் வண்டி நம்பருக்குத்தான் போகும். அது டெபாசிட்டில் கழியும். யார் ஓட்டினார்களோ அவர்தான் கட்ட வேண்டும் என்று குரூப்பில் முன்பே பேசிவிடுங்கள்.

• டோல் கணக்கில் ஏமாறாதீர்கள். 2025 ஆகஸ்ட்டில் வந்த ஃபாஸ்டேக் வருடாந்தர பாஸ் சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும்தான். வாடகைக் காருக்கு ஒவ்வொரு டோலிலும் காசு கழியும்.

• காரை எடுப்பவர் பெயரில்தான் ஒப்பந்தம். அதில் பெயர் இல்லாதவர் கையில் ஸ்டியரிங் போகக் கூடாது.

அடுத்த முறை குரூப்பில் அந்த ஸ்கிரீன்ஷாட் வரும்போது தம்ஸ் அப் போடுவதற்கு முன் மூணே கேள்வி கேளுங்கள். 'எத்தனை மணி நேரம் ஓடும்? யார் ஓட்டுவா? பிளேட் என்ன கலர்?' மூணுக்கும் பதில் வந்த பிறகு அட்வான்ஸ் அனுப்பலாம்.